கரையேறும் முன் பிடிக்க வேண்டியது

அத்தியாயம் 7: ஆற்றிலும் கழிமுகத்திலும் ஆலை எண்ணெய்

2023 டிசம்பரில் எண்ணூரில் நடந்ததை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதி மூழ்கியது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் தேங்கிய வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. அங்கிருந்து கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்திலும் எண்ணெய் இருந்தது. தண்ணீர் வடிந்தபோது காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஆற்றை நம்பிய ஊர்களில் படகு, வலை, அலையாத்தி வேர், கரைச்சேறு எல்லாம் கறுத்துக் கிடந்தன. கூழைக்கடாக்களும் இறகு கறுத்து நின்றன.

கடலில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு நாட்டில் ஒரு திட்டம் இருக்கிறது. 1996 முதல் தேசிய எண்ணெய்க் கசிவு பேரிடர்த் திட்டத்தின்படி கடற்பரப்பில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு உண்டு. ஆறும் கால்வாயும் கழிமுகமும் அந்தத் திட்டத்தின் ஓரத்தில் நிற்பவை. ஆலைக்கு மதிலுக்கு வெளியே பொறுப்பில்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படகில்லை, மாநகராட்சியிடம் உறிஞ்சும் கருவியில்லை. இந்த இடைவெளியில்தான் முதல் நாள் போய்விடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்து, உள்ளாட்சிப் பொறியாளர், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கல்லூரித் தன்னார்வலர் என முதலில் கரைக்கு வந்து நிற்பவர்களுக்காக இங்கே பேசுகிறோம்.

சொல்ல வருவது இதுதான்: தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்க்கு வேகம் வேண்டும், கரையில் ஒட்டிய எண்ணெய்க்கு நிதானம் வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மிதக்கும்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். ஒட்டிய பிறகு மண்வெட்டியோடு ஓடுகிறார்கள்.

நிறத்தைப் பார்த்து அளவைப் படிப்பது

எண்ணெய் எவ்வளவு என்று யாரும் உடனே சொல்லமாட்டார்கள். ஆலைத் தரப்பு குறைத்துச் சொல்லும், பதறியவர்கள் கூட்டிச் சொல்வார்கள். நிறமே ஓரளவுக்குக் கணக்குச் சொல்லும். வட ஐரோப்பிய நாடுகள் வானிலிருந்து கடலைக் கண்காணிக்கப் பயன்படுத்தும் நிற அட்டவணை ஆற்றுக்கும் உதவும். வெள்ளி மினுக்கமாகத் தெரிந்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் காட்டினால் 300 முதல் 5,000 லிட்டர். உலோகத் தகடு போலப் பளபளத்தால் 5,000 முதல் 50,000 லிட்டர். எண்ணெய் தன் சொந்த நிறத்தில், கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ இடைவெளியில்லாமல் படர்ந்திருந்தால் 2 லட்சம் லிட்டருக்கும் மேல்.

100 மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள ஆற்றுத் துண்டு என்றால் இவற்றில் பத்தில் ஒரு பங்கு. அதே பரப்பில் வானவில் படலம் என்றால் 30 முதல் 500 லிட்டர், கறுப்புப் படலம் என்றால் 20,000 லிட்டருக்கு மேல். ஆகவே வானவில் நிறத்தைத் துரத்தி ஆளையும் படகையும் வீணாக்க வேண்டாம். படத்தில் அழகாகத் தெரிவது அதுதான், செய்தியில் வருவதும் அதுதான். நீங்கள் தேட வேண்டியது கறுப்பு. பாலத் தூண்களின் பின்புறம், காற்று ஒதுக்கும் கரை, ஆகாயத்தாமரை சேர்ந்து அடைத்த மூலை, படகுத்துறைப் படிக்கட்டு ஆகிய இடங்களில் அது திரளும். ஆகாயத்தாமரை எண்ணெயைத் தானே பிடித்து வைத்திருக்கும். அதை உடனே அறுத்து விடாதீர்கள். சுற்றிலும் தடுப்புப் போட்ட பிறகு எண்ணெயோடு சேர்த்து அள்ளுங்கள்.

பழுப்பாகக் கெட்டியாகிவிட்ட எண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் முக்கால் பங்குவரை தண்ணீரே இருக்கலாம். ஆகவே அள்ள வேண்டிய கன அளவு கொட்டியதைப்போல் மூன்று நான்கு மடங்காகிவிடும்.

மூக்கு முதலில்

புதிதாகக் கசிந்த இலகு எண்ணெயிலிருந்து பென்சீன் முதலான ஆவிகள் கிளம்பும். கச்சா எண்ணெயாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரலாம். அழுகிய முட்டை வாடை அடித்து, பிறகு வாடையே தெரியாமல் போனால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து எண்ணெயை நோக்கி வீச வேண்டும், அப்படி நில்லுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தவரை உடனே வெளியே அனுப்புங்கள். “கொஞ்ச நேரத்துல சரியாயிடும் அண்ணே” என்பவரை முதலில் அனுப்புங்கள். பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் அந்தப் பக்கம் கூடாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கரையை விட்டு விலக்குங்கள்.

இறங்குபவருக்கு நைட்ரைல் கையுறை, முழங்கால்வரை கம்பூட்ஸ், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. எண்ணூரில் மீனவர்கள் வாளியும் மக்குமாக வெறுங்கையோடு எண்ணெய் அள்ளிய படங்கள் வெளியாயின. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியபோதும் கரையில் வாளி வரிசைதான் நின்றது. ஆறாண்டு கழித்தும் வாளியே கைக்கு வந்தது என்றால், கருவிகளை முன்கூட்டி வாங்கி வைக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை என்பதே பொருள்.

தோலில் ஒட்டியதை எடுக்க மண்ணெண்ணெயோ டீசலோ வேண்டாம். அது ஒட்டியதைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கிவிடும். தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையுறைக்குள்ளும் கம்பூட்ஸுக்குள்ளும் சென்னை வெயில் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும். மாற்று ஆள் வைத்து, நிழலும் குடிநீரும் கொடுத்துச் சிறுசிறு முறைகளாக வேலை வாங்குங்கள்.

யாருக்குச் சொல்வது, என்ன சொல்வது

மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே சொல்லிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். எண்ணெய் கடலை எட்டும் என்று தெரிந்தால் கடலோரக் காவல்படைக்கும் சொல்ல வேண்டும். “ஆற்றில் எண்ணெய் வருகிறது” என்பது தகவலாகாது. எந்தக் கால்வாய், எந்தப் பாலத்துக்கு மேலே அல்லது கீழே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன நிறம், எந்தப் பக்கம் ஓடுகிறது, அடுத்த ஏற்றம் எப்போது என்று சொல்லுங்கள். ஏற்ற வற்றக் கணக்கு அதிகாரிக்குத் தெரியாது, ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, விபத்தால் மாசு நீர்நிலையில் கலந்தாலோ கலக்கும் என்று தெரிந்தாலோ அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் உடனே வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆலை எத்தனை மணிக்குச் சொன்னது, நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்ற இரண்டு நேரங்களும் பின்னால் பேசும். ஆகவே தொலைபேசியில் சொன்னதை அடுத்த நிமிடமே குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.

வடிகாலில் பிடி

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எண்ணெய் ஆலையிலிருந்து ஆற்றுக்கு ஒரே தாவலில் வருவதில்லை. மழைநீர் வடிகால், அதற்கடுத்து சிறுகால்வாய், அதற்கடுத்து பெருங்கால்வாய், பிறகுதான் ஆறு. ஒவ்வொரு கட்டத்திலும் பரப்பு பல மடங்கு விரியும், எண்ணெய் மெல்லிசாகும், பிடிப்பது கடினமாகும். இரண்டு மீட்டர் அகல வடிகாலில் நான்கு பேர் செய்யும் வேலையை 200 மீட்டர் அகல ஆற்றில் நாற்பது பேர் செய்ய முடியாது.

சிறு வடிகாலுக்கு அடிப்போக்கு அணை போடலாம். மணல் மூட்டைகளை அடுக்கி வடிகாலை அடைத்து, அதன் ஊடே பிவிசி குழாய்களைச் சாய்வாகப் பதிக்க வேண்டும். ஆலைப் பக்க வாய் தண்ணீருக்கு அடியில் ஆழமாகவும் ஆற்றுப் பக்க வாய் உயரமாகவும் இருக்கட்டும். அடித்தண்ணீர் குழாய் வழியே ஏறி வெளியே போகும், மேலே மிதக்கும் எண்ணெய் அணைக்குள் நிற்கும். வெளிவாயின் உயரம்தான் உள்ளே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். மட்டம் இறங்கி உள்வாய் எண்ணெய்ப் படலத்தைத் தொட்டுவிட்டால் எல்லாம் வீண், ஆகவே ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். பொருள்கள் எல்லாம் உள்ளூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வரத்து நீரைத் தாங்கும் அளவுக்குக் குழாய்கள் இல்லாவிட்டால் அணை உடைந்து, சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் கீழே போகும். மிக்ஜாம் போன்ற வெள்ளத்தின் உச்சத்தில் இது நிற்காது. வெள்ளம் தணியத் தொடங்கியதும், ஆலைக்குள் தேங்கியது இன்னும் வடிந்துகொண்டிருக்கும் அந்த அடுத்த நாட்களில்தான் இதற்கு வேலை. வடிந்துகொண்டிருப்பதை நிறுத்தாமல் ஆற்றைச் சுத்தம் செய்யப் போவதில் பயனில்லை.

கால்வாயிலும் ஆற்றிலும் பூம் எனப்படும் மிதவைத் தடுப்புதான். அதைக் குறுக்கே நேராகக் கட்டுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. நீரோட்டம் நொடிக்கு 0.35 மீட்டருக்கு மேல் போனால், நேராகக் கட்டிய தடுப்பின் அடியில் எண்ணெய் நழுவி மறுபக்கம் எழும். கரையில் 10 மீட்டர் அளந்து குறி வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை விட்டு நொடி எண்ணுங்கள். 30 நொடிக்கு மேல் ஆனால் நேராகக் கட்டலாம். 20 நொடி ஆனால், அதாவது நொடிக்கு அரை மீட்டர், ஓட்டத்துக்கு 45 பாகை சாய்த்துக் கட்ட வேண்டும். 10 நொடியில் கடந்தால் 20 பாகைக்கு மேல் தாங்காது. அப்போது ஏறக்குறைய கரையை ஒட்டியபடியே போகும், ஆற்றகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளம் தேவைப்படும். சாய்த்துக் கட்டிய தடுப்பு எண்ணெயை ஒரு கரைக்கு ஒதுக்கித் தரும். லாரி வந்து நிற்கக்கூடிய கரையாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஒதுக்கிய பிறகு எடுக்க வழியில்லாமல் முள்காட்டுப் பக்கம் சேர்த்து வைத்து என்ன பயன்?

கழிமுகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏற்றத்தில் நீர் உள்ளே திரும்பும். காலையில் சரியாக இருந்த தடுப்பு மாலையில் எண்ணெயை அலையாத்திக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் நங்கூரம் போட்டு, ஓட்டம் திரும்பும்போதெல்லாம் சரிபார்க்க ஆள் வைக்க வேண்டும். நீர் ஏறக்குறைய நின்றிருக்கும் இடங்களில் காற்றே எஜமான். காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் எண்ணெய் நகரும்.

தொழிற்சாலை பூம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய வலையை நீளப் பையாகத் தைத்து, வைக்கோலோ இலவம்பஞ்சோ அடைத்து, மிதவைகளோடு கட்டினால் ஓட்டம் குறைந்த இடத்தில் நன்றாகவே பிடிக்கும். இலவம்பஞ்சு தண்ணீரை ஒதுக்கி எண்ணெயை உறிஞ்சும் இயல்புடையது. எதையும் உதிரியாகத் தண்ணீரில் தூவக் கூடாது. மரத்தூள் தூவினால் எண்ணெயோடு சேர்ந்து அடியில் போய்ப் படியும், நீங்கள் சுத்தம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போவீர்கள்.

ஒதுக்கிய எண்ணெயை எடுக்க, மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி, அல்லது கழிவுநீர் உறிஞ்சும் லாரி. உறிஞ்சும் லாரியில் பெரும்பங்கு தண்ணீர்தான் ஏறும். கொஞ்ச நேரம் நிற்க விட்டு, அடியில் தெளிந்த நீரை வாரியத்தின் எழுத்து அனுமதியோடு தடுப்புக்குள்ளேயே திருப்பி விட்டால் லாரி நடைகள் பாதியாகக் குறையும்.

செய்யக் கூடாதவை

சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், “எண்ணெயைக் கரைக்கும் மருந்து” எதையும் ஆற்றில் ஊற்ற விடாதீர்கள். எண்ணெய் கண்ணுக்கு மறையும், ஆனால் நீருக்குள் கலந்து மீன் குஞ்சும் இறாலும் சுவாசிக்கும் இடத்துக்கே போகும். 1967-இல் இங்கிலாந்துக் கரையில் டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது கரையில் கொட்டிய கரைப்பான்கள் எண்ணெயைவிட அதிகமான உயிர்களைக் கொன்றன. ஆழமான, நீர் மாறிக்கொண்டே இருக்கும் கடலில் இன்றைய கரைப்பான்களுக்கு இடமிருக்கலாம். ஆழம் குறைந்த ஆற்றில் இல்லை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த பாறைகளை அதிஅழுத்தச் சுடுநீரால் கழுவியது இன்னொரு பாடம். கழுவாமல் விட்ட இடங்களைவிடக் கழுவிய இடங்களில் சிறு உயிர்கள் மீளத் தாமதமாயிற்று.

கரையில் நிதானம்

மிதக்கும் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்வரை கரையைச் சுரண்டாதீர்கள். இன்று சுரண்டிய இடத்தில் நாளை மறுபடி ஒட்டும், அதற்குள் நீங்கள் மண்ணையும் மிதித்துக் குழப்பியிருப்பீர்கள். முதலில் கரையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, கறைப்பட்டையின் அகலம், எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது, எவ்வளவு தடிமன், கீழே மணலா சேறா கல்லா என்று குறியுங்கள். எக்ஸான் வால்டெஸ் காலத்தில் உருவான இந்தக் கரைக்கணக்கு முறைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரே இருவர் எல்லாத் துண்டுகளையும் பார்ப்பது மட்டும் முக்கியம். ஆள் மாறினால் அளவும் மாறிவிடும்.

கருங்கல் தடுப்பிலும் கான்கிரீட் சுவரிலும் சுரண்டலாம், துடைக்கலாம். மணற்கரையில் எண்ணெய் படிந்த மேல்தோலை மட்டும் மண்வெட்டியால் சீவி எடுங்கள். ஜேசிபியை இறக்கினால் ஒரு விரற்கடை எண்ணெய்க்காக முழங்கால் ஆழ மணலும் போய்விடும், டயர் தடத்தில் எண்ணெய் அடியில் அழுந்தும்.

சேற்றுக்கரையும் அலையாத்தியும் வேறு கதை. எண்ணூரில் இருக்கும் கண்டல் செடிகள் சேற்றிலிருந்து மேலே நீட்டிய வேர்களால் மூச்சு வாங்குகின்றன. எண்ணெய் அந்த வேரின் துளைகளை அடைக்கிறது. மனிதன் உள்ளே இறங்கினால் அதே வேர்கள் ஒடிகின்றன, எண்ணெய் சேற்றின் ஆழத்துக்கு மிதிபடுகிறது. காற்று இல்லாத அந்த ஆழத்தில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். ஆகவே பெரும்பாலும் அலையாத்திக்குள் இறங்காமல் இருப்பதே சிகிச்சை. திரண்டு நிற்கும் கறுப்பை மட்டும் படகிலிருந்தபடி உறிஞ்சுங்கள். துளைகளிட்ட குழாயைக் கரை மேட்டில் கிடத்தி, சிறு மோட்டாரால் ஆற்றுத் தண்ணீரையே ஏற்றி மெதுவாக வழியவிட்டால், நீர் நிறைந்து வற்றத் தொடங்கும் நேரத்தில் எண்ணெய் தானாக இறங்கி வெளியே கட்டிய தடுப்புக்கு வரும். வேகமாகப் பீய்ச்சக் கூடாது. நடந்தே ஆக வேண்டுமென்றால் பலகை போட்டு நடங்கள், ஒரே பாதையில் நடங்கள். எண்ணெய் பட்ட இலைகளை வெட்டித் தள்ளி “சுத்தம்” காட்டும் ஆசை ஒப்பந்ததாரருக்கு வரும். அதற்கு எழுத்தில் தடை போடுங்கள்.

அடியில் போன எண்ணெயை மறந்துவிடாதீர்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் நிறுவனக் குழாய் உடைந்து, சுமார் 32 லட்சம் லிட்டர் எண்ணெய் டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் கலந்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிகள் அடித்தும் அதை வேறு கோளாறு என்று நினைத்து மீண்டும் எண்ணெய் ஏற்றினார்கள், நிறுத்த 17 மணி நேரம் ஆனது. அது கனத்த தார்மணல் எண்ணெய். இலகு பகுதி ஆவியானதும் மிச்சம் வண்டலோடு கலந்து ஆற்றடியில் இறங்கியது. ஆண்டுகள் கழித்து ஆற்றைத் தூர்வார வேண்டியதாயிற்று. அங்கே பயன்பட்ட எளிய முறை நமக்கும் ஆகும். நீண்ட கழியின் நுனியில் தட்டையான வில்லையைப் பொருத்தி ஆற்றடிச் சேற்றைக் குத்திக் கிளறுங்கள். மேலே எழும் குமிழும் படலமும் எவ்வளவு என்று இடம்வாரியாகக் குறியுங்கள். வெள்ளம் கொண்டுவந்த வண்டலோடு எண்ணெயும் வந்த எண்ணூர் போன்ற இடத்தில், மேற்பரப்பு தெளிந்ததும் வேலை முடிந்தது என்று சொல்பவரிடம் இந்தக் கழியைக் கொடுங்கள்.

வீட்டுக்குள் எண்ணெய் புகுந்திருந்தால் தரையைக் கழுவி மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேரே ஆற்றுக்குத்தான் போகும். தவிடோ மரத்தூளோ போட்டுத் துடைத்து மூட்டை கட்டுங்கள். கீழ்நிலைத் தொட்டி நீரைக் காலி செய்து தேய்த்துக் கழுவும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மெத்தையும் அரிசியும் போனதுதான். படம் எடுத்து, பட்டியலில் எழுதிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

மூட்டை எங்கே போகிறது

எண்ணெய்ச் சகதி 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும். குப்பை லாரியில் ஏற்றி எங்காவது கொட்டும் பொருளல்ல. அனுமதி பெற்ற இடத்துக்கு, சென்னைப் பகுதியில் என்றால் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு, மேனிஃபெஸ்ட் எனப்படும் பயணச் சீட்டோடு போக வேண்டும். அந்தச் சீட்டின் நகல் ஒன்று ஊர்க் கமிட்டியிடமும் இருக்கட்டும்.

திரவ எண்ணெய், எண்ணெய் மண், உறிஞ்சிய வைக்கோல் பஞ்சு, கையுறை முதலானவை, செத்த உயிர்கள் என்று தனித்தனியே சேருங்கள். சாக்கில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்கும்போது கிழியும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சில வாரங்களில் பொடியும். தற்காலிகமாக வைக்கும் இடம் வெள்ளமட்டத்துக்கு மேலே, தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் வரப்பு கட்டி, மேலே மூடி இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அடுத்த மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திறந்த கரையில் அடுக்கிய மூட்டைகள் இரண்டாவது கசிவாகிவிடும்.

சாட்சி

எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற சேர்மங்களின் விகிதத்தை ஆய்வகத்தில் ஒப்பிட்டு, கரையில் எடுத்ததும் ஆலையில் எடுத்ததும் ஒன்றா என்று சொல்லிவிடலாம். அதற்கு மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும். சுத்தமான, நிறமேறிய கண்ணாடிப் புட்டியில் எடுங்கள், வாய்க்கு அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தன் சேர்மங்களை எண்ணெயோடு கலந்துவிடும். கரையில் ஒன்று, வடிகால் வாயில் ஒன்று, எண்ணெய் எட்டாத மேலாற்றில் ஒன்று. இடம், நாள், நேரம், எடுத்தவர், பார்த்தவர் பெயர் எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து.

இவை பசுமைத் தீர்ப்பாயத்திலும் பத்திரிகையிலும் பேச உதவும். வாரியம் நீர்ச் சட்டப்படி ஆலை மீது வழக்குத் தொடுக்க 21-ஆவது பிரிவின் நடைமுறையில் வாரிய அதிகாரியே எடுத்த மாதிரிதான் வேண்டும். ஆகவே உங்கள் புட்டியோடு திருப்தி அடையாமல், அதிகாரியை அன்றே வரவழைத்து எடுக்கச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது அகலக் காட்சி ஒன்று, அளவுகோல் வைத்து அருகில் ஒன்று. எண்ணூரில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதே முதல் நாட்களில் வாதமாக இருந்தது. 2017 கப்பல் மோதலிலும் கசிவே இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தே பதிவு செய்யுங்கள்.

பறவை, மீன்

எண்ணெய் தோய்ந்த பறவையைத் துரத்தாதீர்கள், நீங்களே கழுவவும் செய்யாதீர்கள். பயமும் குளிருமே அதைக் கொன்றுவிடும். துணியைப் போட்டுப் பிடிக்க முடிந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையிடம் கொடுங்கள். கூழைக்கடாவின் அலகு கண்ணை நோக்கி வரும், தெரியாதவர் பிடிக்க வேண்டாம்.

மீன், இறால், நண்டை மீன்வளத்துறை சோதித்துச் சொல்லும்வரை பிடிக்காமல் இருப்பது ஊருக்கே நல்லது. எண்ணெய் வாடை அடித்த ஒரு கூடை சந்தைக்குப் போனால், சுத்தமான மீனையும் யாரும் வாங்கமாட்டார்கள். மீன்கள் உடலில் ஏறிய நச்சை ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டியும் ஆளியும் அதை நீண்ட நாள் வைத்திருக்கும். ஆகவே தடையை நீக்கும்போது மீனுக்கு ஒரு தேதியும் மட்டிக்கு அதைவிடத் தள்ளி ஒரு தேதியும் கேளுங்கள்.

கூலியும் இழப்பும்

சுத்தம் செய்ய மீனவர்களை அழைப்பது சரிதான், ஆற்றை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் வேலைக்கு முன்பே தினக்கூலி, படகு வாடகை, பாதுகாப்புக் கருவி, மருத்துவச் சோதனை நான்கும் எழுத்தில் வர வேண்டும். சுத்தம் செய்த கூலியை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்ற வரியையும் சேருங்கள்.

2023 கசிவுக்குப் பின் தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், பாதிக்கப்பட்ட மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே இப்படிப்பட்ட பட்டியலில் எளிதாக ஏறுவார். படகில்லாமல் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், மீன் விற்கும் பெண்கள், வலை பின்னுபவர்கள் ஆகியோரின் கணக்கை ஊர்க் கமிட்டி முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். வலை எத்தனை, என்ன வகை, எந்த விலை, எத்தனை நாள் வேலையில்லை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எண்ணெய் ஊறிய வலையை டீசலில் அலசிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அந்த டீசலும் ஆற்றுக்கே போகும். வலையை எண்ணி, படம் எடுத்து, கழிவு மூட்டையில் சேருங்கள்.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் வாங்கியதால் இழப்பீட்டு உரிமை போகாது. 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இழப்பீடும் சுற்றுச்சூழலை மீட்டெடுக்கும் செலவும் கேட்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைப் பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டு நீண்ட காலம்போல் தோன்றும். இறால் குறைந்தது எண்ணெயாலா, அனல்மின் நிலையங்களின் வெந்நீர்க் கழிவாலா, சாம்பலாலா என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, கசிவுக்கு முந்தைய மாதங்களின் பிடிப்புக் கணக்கு இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அந்தக் கணக்கைக் கசிவுக்குப் பிறகு உருவாக்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். கல்லில் கை வைத்தால் ஒட்டக் கூடாது, மணலில் கறுப்புக் கட்டி தெரியக் கூடாது, கழியால் கிளறினால் படலம் எழக் கூடாது, அலையாத்தியில் வெளியேறும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். துண்டுவாரியாக இதை வாரிய அதிகாரி, மீன்வள அதிகாரி, ஊர்ப் பிரதிநிதி மூவரும் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். தேதி குறித்து “இந்த நாளோடு பணி முடிவு” என்று வரும் உத்தரவை ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த கோடையில் சேறு சூடாகும்போது அடங்கியிருந்த எண்ணெய் மறுபடி கசியும். ஆகவே மார்ச்சிலும் மே மாதத்திலும் அதே துண்டுகளை அதே இருவர் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதைக் கையெழுத்துத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.